வாசகர் கேள்வி – பதில்: யாரைக் கேட்டார்கள்?

கேள்வி: நகர்ப்புற இந்தியர்களின் பொருளாதார நம்பிக்கை கூடியது, குறைந்தது என்று இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. தருமபுரி நகராட்சிக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொத்துவரி கட்டிவரும் என்னிடம் ஒருவரும் வந்து கேட்டதில்லையே?
– வாசகர், குமாரசாமிப்பேட்டை

பதில்: இனியும் கேட்பார்கள் என்று தோன்றவில்லை. நீங்கள் குறிப்பிடுவது இந்திய ரிசர்வ் வங்கியின் நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்பு. 19 பெருநகரங்களில் சுமார் 6,000 பேரிடம் கருத்துக் கேட்டுத் தொகுக்கிறார்கள். தமிழகத்திலிருந்து அதில் இடம்பெறுவது சென்னை மட்டுமே. பிழைப்புக்காகப் பெங்களூரு சென்று அங்கேயே குடியேறிவிட்ட உங்கள் உறவினர் எவரிடமாவது கேட்டிருக்கலாம்; உங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்ட மக்களில் 17 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோரும், கிருஷ்ணகிரியில் ஏறக்குறைய 23 சதவீதத்தினரும்தான் நகர்ப்புறத்தில் வசித்தார்கள். அவர்களும் இந்தக் கணிப்புக்கு வெளியேதான் நிற்கிறார்கள். வங்கி இதை மறைப்பதில்லை. எத்தனை நகரங்கள் என்பதை அறிக்கையிலேயே சொல்லிவிடுகிறது. ‘இந்தியர்கள் கருதுகிறார்கள்’ என்று தலைப்பிடும் செய்தித்தாள்கள்தாம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கேள்வி: விலைவாசி ஏறினால் மக்களுக்கு அதிருப்தி என்று இந்தக் கணிப்புகள் சொல்கின்றன. தக்காளி விலை ஏறினால் எங்கள் வீட்டில் மகிழ்ச்சி அல்லவா?
– வாசகி, ராயக்கோட்டை

பதில்: நல்ல கேள்வி, அம்மா. பொதுவான பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, வருமானம், செலவு ஆகிய ஐந்தையும் பற்றி, ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட இப்போது எப்படி, அடுத்த ஓராண்டில் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். மேம்பட்டது என்போரின் சதவீதத்திலிருந்து மோசமானது என்போரின் சதவீதத்தைக் கழித்து, ஐந்துக்கும் சராசரி எடுத்து, அதனுடன் 100 கூட்டினால் வருவது குறியீடு. நூறுக்குக் கீழே போனால் மனக்குறை உள்ளவர்களே அதிகம் என்று பொருள். கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில் ஓராண்டுக்கு முன்பிருந்ததோடு ஒப்பிடும் நடப்பு நிலைக் குறியீடு 48.5 வரை இறங்கியது.

இந்தக் கணக்கில் விலை ஏறியது என்ற பதில் எப்போதும் குறைப் பக்கத்தில்தான் எழுதப்படும். கடையில் வாங்கி மட்டுமே உண்ணும் குடும்பத்துக்கு அது சரியே. நீங்களோ காலையில் மண்டியில் பெட்டி நல்ல விலைக்குப் போனதென்று நிம்மதியடைந்து, மாலையில் துவரம்பருப்பு விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள்; விலை விழுந்துவிட்டால் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுபவர்கள். ஏறியதா, இறங்கியதா என்ற ஒற்றைக் கேள்விக்குள் இந்த இரண்டு மனநிலையும் அடங்காது. கணிப்பு தவறானது என்பதல்ல இதன் பொருள். வாங்குபவரின் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பதற்காக வடிவமைத்த கேள்வித்தாள் அது.

கேள்வி: ஓராயிரம் பேரைக் கேட்டுக் கோடிக்கணக்கானோரின் கருத்தைச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: முடியும். எல்லாருக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி குலுக்கலாகத் தேர்ந்தெடுத்தால், ஆயிரம் பேருக்குப் பிழை வரம்பு ஏறத்தாழ மூன்று சதவீதம்தான். களி கிண்டும்போது அடிவரை துடுப்புப் போட்டால் ஒரு கவளமே பதம் சொல்லிவிடும். துடுப்புப் போடாத பானையில் எத்தனை கவளம் எடுத்தாலும் கட்டிதான் கையில் சிக்கும். தானாக முன்வந்து கைப்பேசியில் பொத்தானை அழுத்துகிற இணையக் கணிப்புகள் இரண்டாம் வகை.

கேள்வி: பெண்கள் வேலைக்குப் போவது பற்றிக் கருத்துக் கேட்க வந்த ஒரு தனியார் நிறுவனத்துப் பணியாளர், கதவைத் திறந்த என்னை விட்டுவிட்டு, உள்ளே இருந்த கணவரை அழைத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். இது முறையா?
– வாசகி, ஓசூர்

பதில்: முறையன்று. வீட்டில் யாரிடம் கேட்பது என்பதைப் பணியாளரோ குடும்பத்தலைவரோ முடிவு செய்யக்கூடாது. பெரியவர்களின் பட்டியலை எழுதி, அதிலிருந்து முன்பே வகுத்த விதிப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வானவர் வெளியே போயிருந்தால் திரும்ப வந்து பார்க்க வேண்டும். அடுத்த முறை எவரேனும் கைக்கணினியோடு வந்தால், இந்த வீட்டில் யாருடைய பெயர் வந்திருக்கிறது என்று வாசலிலேயே கேளுங்கள். உங்கள் பெயரானால், கணவரைத் தேநீர் போடச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.