கேள்வி பதில்: ரயிலுக்கு முன்னே ஓடும் வாடகை

புது ரயில் பாதை வரப்போகிற பகுதிகளில் வீடு, மனை, வாடகை பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மெட்ரோ ஓட இன்னும் ஆறேழு வருடம் ஆகுமாம். வீட்டுக்காரர் இப்போதே வாடகையை ஏற்றச் சொல்கிறார். ஒரு தூண்கூட நடவில்லை, அதற்குள் என்ன அவசரம்?

பதில்: அவருக்கு அவசரம் இல்லை, அவரிடம் மனையைக் கேட்டு வந்த புரோக்கருக்குத்தான் அவசரம். ரயில் ஓடும் நாளில் அந்த மனை என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டு, அதில் ஒரு பகுதியை இன்றைக்கே கொடுக்கத் தயாராக ஒருவர் வந்துவிடுகிறார். வரைபடம் வெளியானதும் ஒரு ஏற்றம், வேலை தொடங்கினதும் ஒன்று, திறப்பு விழா முடிந்ததும் இன்னொன்று. குறைந்த வாடகை வீடுகளுக்கென்று அரசோ தொண்டு நிறுவனமோ நிலம் வாங்குவதாக இருந்தால் முதல் ஏற்றத்துக்கு முன்னால் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். பெரும்பாலும் மூன்றாவது ஏற்றத்துக்கு அப்புறம்தான் கமிட்டி போடுகிறார்கள்.

கேள்வி: இங்கே காலி மனையே கிடையாது. குறைந்த வாடகை வீடு கட்ட நிலத்தை எங்கே போய்த் தேடுவது?

பதில்: முதலில் அரசு தன் சொந்தப் பாக்கெட்டில் தேட வேண்டும். ரயில் பாதை போடுகிற நிறுவனமே அந்த வழியில் பெரிய நிலச் சொந்தக்காரர். வேலை நடக்கும்போது தகரம் அடித்து மறைத்து, உள்ளே கம்பியும் ஜல்லியும் கிரேனும் நிறுத்தி வைத்திருப்பார்களே, அந்த இடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதை முடிந்ததும் தகரத்தைக் கழற்றுவார்கள். ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே ஒரு நல்ல மனை, முக்கோணமாகவோ கோணல்மாணலாகவோ, காலியாகக் கிடக்கும். அதை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை என்றால் ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ரயில் ஓட்டும் சவுண்ட் டிரான்சிட்டுக்கு 2015-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மூன்று 80 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வீடு கட்டத் தோதான உபரி நிலத்தில் குறைந்தது 80 சதவீதத்தை, குறைந்த வாடகை வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க முன்வர வேண்டும். அங்கே கட்டும் வீடுகளில் 80 சதவீதம், அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் சம்பாதிக்கும் தொகை) 80 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்காத குடும்பங்களுக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் 2018-இல் வந்த சட்டம் வேறு வழி. ஸ்டேஷன் வாசலிலிருந்து அரை மைலுக்குள் பார்ட் ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமான மனைகளில், முக்கியமாக கார் நிறுத்தும் மைதானங்களில், எவ்வளவு உயரம், எத்தனை வீடு கட்டலாம் என்பதற்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்து, உள்ளூர் நகராட்சி அதற்குக் கீழே இறக்க முடியாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்தது மற்ற பொது நிலங்கள். பழைய பஸ் டிப்போ, குழாய் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு, இரண்டு ஏக்கரில் ஒரே ஒரு தளத்தோடு நிற்கும் அரசு அலுவலகம், மத அறக்கட்டளைகளிடம் சும்மா கிடக்கும் இடம்.

தனியார் மனைக்கு வந்தால் கால்நடையாகப் போவதுதான் ஒரே வழி. வரைபடத்தில் ஸ்டேஷனைச் சுற்றி 800 மீட்டர் வட்டம் போடுவது சுலபம். நடுவில் ஒரு கால்வாயோ தாண்ட முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் வட்டத்தில் பாதி செல்லாது, பத்து நிமிடத்தில் நடந்து வர முடிகிற இடம்தான் கணக்கு. நடந்துகொண்டே ஒரு தாளில் எழுதுங்கள்: சர்வே எண், பரப்பு, உரிமையாளர், மேலே என்ன நிற்கிறது. அப்புறம் சொத்து வரிப் பதிவேட்டில் மனை மதிப்பையும் கட்டட மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனை விலை உயர்ந்து கட்டடம் ஒன்றுமில்லாமல் இருந்தால் அது சீக்கிரம் கைமாறும். பெட்ரோல் பங்க் இருந்த இடமா, மண்ணைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், நிலத்தடித் தொட்டி கசிந்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு மனை விலையைத் தின்றுவிடும். ஏழு வாரிசு இருக்கும் மனைக்கு ஏழு கையெழுத்து வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பழைய கட்டடங்களை ஏன் கட்டி அழ வேண்டும்? இடித்துவிட்டு உயரமாகக் கட்டினால் எல்லோருக்கும் இடம் கிடைக்குமே?

பதில்: கூட்டிக் கழித்துப் பாருங்கள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, மாடிப்படி கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருக்கிறது, 24 குடித்தனம். எந்த மானியமும் இல்லாமல், பழசு என்கிற ஒரே காரணத்தால் வாடகை குறைவு. அதை இடித்து 60 வீடு கட்டுகிறார்கள், அதில் 6 வீடு குறைந்த வாடகைக்கு என்று பத்திரிகையில் படம் வருகிறது. உண்மையில் குறைந்த வாடகை வீடு 18 போய்விட்டது. அந்த 24 குடும்பமும் வேலை நடக்கும் மூன்று வருடம் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உயரமாகக் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை, முன்னே சொன்ன ஸ்டேஷன் கார் மைதானத்தில் தாராளமாகக் கட்டட்டும்.

மானியத்தில் கட்டிய வீடுகளுக்கு வேறு ஆபத்து, காலாவதித் தேதி. அமெரிக்காவில் 1986-இல் வந்த வரிச் சலுகைத் திட்டத்தில் கட்டியவற்றுக்கு முதலில் 15 வருடம், பிறகு வந்தவற்றுக்குப் பொதுவாக 30 வருடம் வாடகைக் கட்டுப்பாடு. அது முடிகிற வருடமும் ஸ்டேஷன் திறக்கிற வருடமும் ஒட்டி வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேரிலாந்தில் 16 மைல் நீளத்துக்கு 21 ஸ்டேஷன்களோடு கட்டும் பர்ப்பிள் லைன் வழியில், பல்கலைக்கழகம், உள்ளாட்சிகள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கூட்டணி ஒன்று, ரயில் ஓடுவதற்குப் பல வருடம் முன்பே, 17,000 குறைந்த வாடகை வீடுகளைக் கைவிடாமல் வைத்திருப்பதை இலக்காக எடுத்துக்கொண்டது. இருப்பதை எண்ணிப் பார்த்தால்தான் இப்படி ஒரு எண்ணையே சொல்ல முடியும்.

கேள்வி: விற்கிறவர் ஒரு மாதத்தில் கிரயம் முடிக்கச் சொல்வார். அரசுப் பணம் வர ஒரு வருடம். பில்டரோடு எப்படிப் போட்டி போடுவது?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 2010-இல் ஒன்றரைக் கோடி டாலரில் ஒரு நிதி தொடங்கினார்கள், 2014-இல் அதை 2 கோடியே 40 லட்சமாக்கினார்கள். ரயில் பாதை ஓரத்து மனைகளை, கட்டடங்களை உடனே வாங்கிப் பிடித்து வைக்கக் கடன் கொடுப்பது, கட்டுவதற்கான பெரிய பணம் வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வது. சும்மா வைத்திருக்கும் மனைக்கும் வட்டி ஓடும், காவல் வேண்டும், வரி வேண்டும், அதனால் எல்லாவற்றையும் வாங்கிப் போடவும் முடியாது. வாஷிங்டன் நகரத்தில் 1980-இலேயே, கட்டடத்தை விற்பதானால் குடியிருப்பவர்களுக்கு முதலில் வாங்கும் வாய்ப்புக் கொடுக்கச் சட்டம் வந்தது. தனி வீடுகளைப் பெரும்பாலும் 2018-இல் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

கேள்வி: குறைந்த வாடகை வீடுகளை ஸ்டேஷனிலிருந்து தூரமாகக் கட்டிக் கொடுத்தால் அதே பணத்தில் இரண்டு பங்கு வீடு கிடைக்குமே?

பதில்: வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள். சொந்த வண்டி இல்லாதவரைத் தூரத்தில் வைத்துவிட்டு, இரண்டு கார் வைத்திருப்பவரை ஸ்டேஷன் வாசலில் வைத்தால் ரயிலில் யார் ஏறுவார்கள்?

கேள்வி: நான் வீட்டுச் சொந்தக்காரன், ஓய்வு பெற்றவன். என் மனை விலை ஏறுவதில் உங்களுக்கென்ன வயிற்றெரிச்சல்?

பதில்: ஐயா, எரிச்சல் இல்லை, நன்றாக இருங்கள். ஆனால் அந்த ஏற்றம் ரயில் கொண்டுவந்தது, ரயில் எல்லோர் பணத்திலும் வந்தது. ஹாங்காங்கில் அரசு, ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் மனை உரிமையை ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்து, ஏறுகிற விலையிலிருந்தே பாதைக்குப் பணம் எடுக்கிறது. அங்கே அது குறைந்த வாடகைக்காகச் செய்ததில்லை, ஆனாலும் ஏற்றத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுக்க முடியும் என்று தெரிகிறது. நீங்கள் விற்பதானால் தொண்டு அமைப்புகளிடமும் ஒரு முறை விலை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் ஒருத்தி, வாடகைக்கு இருப்பவள். என்ன செய்ய முடியும்?

பதில்: பாதை பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் எந்தெந்த மனை மிச்சமாகும், அதன் பட்டியல் எங்கே என்று மட்டும் கேளுங்கள். பட்டியலே போடவில்லை என்று சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.