லிஃப்டர் போன பிக்கப்: வாரண்டியில் எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 2022இல் புதிதாக வாங்கிய பிக்கப், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது சில சிலிண்டர்களைத் தானே நிறுத்திக்கொள்ளும் வகை. 36,000 மைல் வாக்கில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு முறை டீலரிடம் போனேன். 'இந்த எஞ்சினுக்கு இது சகஜம்' என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம், 41,000 மைலில், சாலையிலேயே எஞ்சின் குலுங்கியது. எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இழுவை வண்டியில் கொண்டுபோனேன். ஒரு பக்கத்தில் இரண்டு லிஃப்டர் போய்விட்டதாம், மாற்றித் தருகிறார்களாம். புது எஞ்சினே கேட்கலாமா? திரும்பத் திரும்பக் கெடும் புது வண்டி வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா' சட்டத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? (கம்பெனி, டீலர் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.)

பதில்: இரண்டுமே கிடைப்பது கடினம். ஆனால் அதைவிடப் பயனுள்ள சில விஷயங்களை நீங்கள் கேட்டு வாங்கலாம். வண்டி இன்னும் டீலர் கையில் இருப்பதால் இன்றைக்கே தொடங்குங்கள்.

கெட்டது எது என்று முதலில் பார்ப்போம். கேம்ஷாஃப்ட் (மேடுகள் கொண்ட தண்டு) சுழலும்போது அதன் மேட்டின்மீது லிஃப்டரின் உருளை ஏறி இறங்கும். லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ள, அது சிலிண்டருக்குக் காற்றும் புகையும் போய்வரும் வால்வைத் திறக்கும். சிலிண்டரை நிறுத்தும் எஞ்சின்களில் இந்த லிஃப்டர் இரண்டு துண்டு. மடக்குக் குடையின் தண்டில் வெளியே துருத்தி நிற்கும் குமிழைப் போல, சிறிய ஊசிகள் இரண்டையும் பூட்டி வைத்திருக்கும். கணினி கட்டளையிட்டால் ஆயில் அழுத்தம் அந்த ஊசிகளை உள்ளே தள்ளும். லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், வால்வ் மூடியே இருக்கும், பெட்ரோல் மிச்சமாகும். ஊசி மறுபடி வெளியே வராவிட்டால் அந்தச் சிலிண்டர் செத்தது, புஷ்ராடும் வளையலாம். உருளை இறுகிப்போனால் இன்னும் மோசம். உருள வேண்டியது உராய்ந்து, கேம்ஷாஃப்டின் மேட்டையே தேய்த்துவிடும்.

இது உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த நோயல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் 5.3, 6.2 லிட்டர் எஞ்சின்கள், ராம் பிராண்டின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சின் இரண்டிலும் லிஃப்டர் கோளாறு மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய முறை எட்டில் நான்கு சிலிண்டர்களை மட்டும் நிறுத்தும். 2019 மாடலில் வந்த புதிய முறை எட்டில் எதை வேண்டுமானாலும் நிறுத்தும், 17 விதமாக. அதாவது, மடங்கும் லிஃப்டர் எட்டாக இருந்தது பதினாறாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது. இந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் அடிக்கட்டான பிளாக்குக்குள் இருப்பதால், லிஃப்டரை எடுக்க அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். அத்தனையும் பிரித்த பிறகு இரண்டை மட்டும் மாற்றி மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கத்து லிஃப்டர்கள் அத்தனையையும் மாற்றச் சொல்லுங்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள், வாரண்டிக் கணக்கில் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது, என்றாலும் கேட்டதும் மறுத்ததும் பதிவாகும். கேம்ஷாஃப்டை விளக்கு அடித்துப் பார்த்துப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேட்டில் கோடோ குழியோ தெரிந்தால் புது லிஃப்டரை அதன்மேல் வைப்பது வீண் வேலை. கேம்ஷாஃப்டும் மாற வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அதன் மடிப்புகளில் இரும்புத்தூள் மினுங்கினால், அதே ஆயில் பேரிங்குகளுக்கும் போயிருக்கிறது என்று பொருள். முழு எஞ்சின் கேட்பதற்கு நியாயம் பிறப்பது அப்போதுதான்.

விளக்கு மின்னியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை டீலரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. கன்வர்ட்டருக்கு அமெரிக்க மத்திய அரசின் மாசு விதிப்படி 8 ஆண்டு அல்லது 80,000 மைல் தனி வாரண்டி உண்டு. லிஃப்டரை மாற்றிவிட்டு இதைச் சோதிக்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

இவை எல்லாமே 'ரிப்பேர் ஆர்டர்' தாளில் ஏற வேண்டும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: வாடிக்கையாளர் சொன்ன குறை, கண்டறிந்த காரணம், செய்த வேலை. முன்பு இரண்டு முறை போனபோது தாள் கொடுத்தார்களா? 'கோளாறு எதுவும் தென்படவில்லை' என்று எழுதிய தாளாக இருந்தாலும் அது உங்களுக்குத் தங்கம். 36,000 மைலிலேயே புகார் செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி அதுதான். தாள் இல்லாமல் கவுன்டரில் நின்று பேசிவிட்டு வந்திருந்தால், கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் போகவே இல்லை.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் பொதுவாகப் புதிய வாரண்டி பிறப்பதில்லை. பழையதில் மிச்சம் இருக்கும் காலம்தான். எஞ்சினுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்றால், 63,000இல் கேம்ஷாஃப்ட் போனால் பல ஆயிரம் டாலர் உங்கள் தலையில். அன்றைக்குக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவிடம் 'நல்லெண்ண உதவி' கேட்கும்போது, காட்டுவதற்கு இந்தத் தாள்கள் வேண்டும்.

லெமன் லா: டெக்சாஸில் முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை முயன்றிருக்க வேண்டும், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் முடங்கியிருக்க வேண்டும். (மாற்று வண்டி கொடுத்த நாட்கள் இந்த முப்பதில் சேராது.) நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அதே மாநில மோட்டார் வாகனத் துறையில், வாரண்டிக் காலத்துக்குள் புகார் செய்த கோளாறைச் சரிசெய்து தரும்படி மட்டும் கேட்கும் மனு ஒன்று இருக்கிறது. ரிப்பேர் சரியில்லை என்றால் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: நான் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறேன். அதனால் வாரண்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்துகிறார்.

பதில்: போகாது. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, சர்வீஸை எங்களிடமே செய்ய வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை போட முடியாது, அந்த சர்வீஸை இலவசமாகத் தந்தால் ஒழிய. ஆயில் மாற்றாததால்தான் எஞ்சின் கெட்டது என்றால் மட்டும் மறுக்கலாம். ஆகவே ஆயில், ஃபில்டர் ரசீதுகளை வைத்திருங்கள். மாற்றும் நாளில் மைல் மீட்டரைப் படம் எடுங்கள். கையேட்டில் சொன்ன தரக்குறி டப்பாவில் இருக்க வேண்டும், விலை குறைந்த பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: நண்பரின் பிக்கப்பை எஞ்சின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்துக் கடிதம் வந்திருக்கிறது. அதே கம்பெனி, அதே வருடம், எனக்கு மட்டும் வரவில்லையே?

பதில்: ஒரே மாடல் வண்டியே வேறு வேறு எஞ்சின்களோடு விற்பனையாகும். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 7,21,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது 6.2 லிட்டர் எஞ்சினுக்கு மட்டும். அதுவும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் ஆகியவற்றின் கோளாறு. லிஃப்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வால்வுக்காகவே நடந்த அழைப்பு ஃபோர்டுடையது. 2024 ஆகஸ்டில், 2021–22 மாடல் எஃப்-150, பிரான்கோ முதலான சுமார் 90,700 வண்டிகள். தயாரிப்பில் அளவுக்கு மீறிச் சூடான, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் முறியக்கூடியவையாகிவிட்டன. டீலர் எஞ்சினை வேகமாக ஓடவிட்டுச் சோதிப்பார். தேறாவிட்டால் புது எஞ்சின்.

திரும்ப அழைப்பது பெரும்பாலும் பாதுகாப்புக் குறைபாட்டுக்குத்தான். லிஃப்டர் போன்றவற்றுக்குக் கம்பெனி, கோளாறைச் சரிசெய்யும் வழியைச் சொல்லி டீலர்களுக்குச் சர்வீஸ் அறிக்கை அனுப்பும். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை இட்டால் அழைப்பு தெரியும், மாடலைத் தேடினால் அந்த அறிக்கைகளும் தெரியும். உங்கள் புகாரையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். விசாரணைகள் பல இப்படிப்பட்ட புகார்களிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: 2021 அல்லது 2022 பிக்கப் பழையதாக வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் வருகிறதா என்று பார்த்தால். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டீலர் சான்றளித்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு எஞ்சின் வாரண்டி, முதலில் விற்ற நாளிலிருந்து 6 ஆண்டு அல்லது 1,00,000 மைல். கூடுதல் விலைக்குத் தகும். ராம் 2026 மாடலுக்கு அறிவித்த 10 ஆண்டு வாரண்டியைப் பார்த்து யாரும் பின்னாளில் ஏமாற வேண்டாம், அது முதல் உரிமையாளருக்கு மட்டும்.

ஒரு வேடிக்கை: 2021இல் சிப் தட்டுப்பாட்டால், சிலிண்டர் நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பாகம் இல்லாமலே ஜெனரல் மோட்டார்ஸ் சில 5.3 லிட்டர் பிக்கப்புகளை விற்றது. கம்பெனி சொன்ன இழப்பு, காலனுக்குச் சுமார் ஒரு மைல். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பேரம் பேசிப் பாருங்கள். மற்றபடி, தொலைபேசியில் கூப்பிட்டு 'உங்கள் வாரண்டி முடியப்போகிறது' என்பவர்களிடம் எதையும் வாங்காதீர்கள். அவர்கள் விற்பது வாரண்டி அல்ல, சர்வீஸ் ஒப்பந்தம். ஆயிலில் இயங்கும் உள்பாகங்கள் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார்கள்.