டாப்-அப் கடனில் ஒரு ஸ்வீடன் வீடு

கேள்வி: திருவொற்றியூரில் விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து பத்து நிமிட நடை, தரைத்தளத்தில் 780 சதுர அடி ஃபிளாட் எங்களுடையது. நான் பாரிமுனையில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன், கணவர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 78,000 வருகிறது. வீட்டுக்கடன் 27,400, தனிநபர் கடன் 9,300. மாமனார், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீடு எப்போதும் அடைசலாக இருக்கிறது. ஸ்காண்டிநேவியன் ஸ்டைலில், வெள்ளைச் சுவரும் வெளிர் மரமுமாக, பிள்ளைகள் தாராளமாகப் புழங்குகிற மாதிரி மாற்ற ஆசை. என் நாத்தனார் வீட்டுக்காரர் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறார். 6.5 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், பாதி முன்பணம். பொங்கல் ஆஃபர் மாதக் கடைசி வரைதான் என்கிறார். இருக்கிற கடன் மேலேயே டாப்-அப் போட்டுத் தர ஆள் இருக்கிறாராம், சோபாவை மட்டும் நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் தனியாகவும் எடுக்கலாமாம். 2019-லும் 2021-லும் 2024-லும் இப்படித்தான் சமாளித்தோம். கிரெடிட் கார்டில் 38,000 நிற்கிறது, மினிமம் தவறாமல் கட்டுகிறேன். ஆர்.டி.யில் 1,10,000 சேர்ந்திருக்கிறது, மாதம் 4,000 போகிறது, அதைத் தொட மனமில்லை. வேண்டாம் என்றால் நாத்தனார் மனம் கோணும். என்ன செய்யட்டும்?

பதில்: இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தின் முக்கால்வாசி சுவர் நிறத்தைப் பற்றியும் சோபாவைப் பற்றியும் இருக்கிறது. என் கண்ணில் பட்டது நடுவே போகிறபோக்கில் நீங்கள் எழுதிய மூன்று வருடங்கள்தான். இணைத்து அனுப்பிய வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பார்த்தேன். 2019-ல் கிரகப்பிரவேசத்துக்கு 2 லட்சம் தனிநபர் கடன். அது முடிவதற்குள் 2021-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதையே 3 லட்சமாக்கி இருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை எல்லாம் போக, 2024 ஜனவரியில் அது 4 லட்சமாகிவிட்டது. தவறான செலவு என்று இதில் ஒன்றையும் சொல்லமாட்டேன். ஆனால் ஏழு வருடமாக நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது ஒரே கடன், அது ஒரு தடவைகூட முடியவில்லை. கொஞ்சம் கரைந்ததும் வங்கியிலிருந்து மெசேஜ் வருகிறது, நீங்களும் மறுபடி நிரப்பிக்கொள்கிறீர்கள். வீட்டு அலங்காரம் பிரச்சினையே இல்லை, இந்தப் பழக்கம்தான் பிரச்சினை.

கணக்கு உங்களுக்குத் தொழில், அதனால் தோராயமாகவே போடுகிறேன். 4 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம். 24 தவணை கட்டியாகிவிட்டது, மொத்தம் 2,23,000 போயிருக்கிறது. அதில் அசலுக்குப் போனது 1,28,000தான், 95,000 வட்டி. இன்னும் 2,72,000 பாக்கி, 36 மாதத்தில் முடிந்துவிடும். இப்போது உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் சொல்கிறபடி இதை மூடிவிட்டு 6.5 லட்சத்தையும் சேர்த்து 9,22,000-க்குப் புதிதாகத் திறந்தால், அதே வட்டி, மறுபடி ஐந்து வருடம் என்றால், தவணை ஏறக்குறைய 21,400. வட்டி மட்டும் 3.6 லட்சத்தைத் தாண்டும். பிராசசிங் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 21,700 ரூபாய் முதல் நாளே போய்விடும். அதில் ஆறாயிரத்துச் சொச்சம், ஏற்கெனவே கட்டணம் கட்டி வாங்கிய அந்தப் பழைய 2,72,000-க்கே மறுபடி கட்டுவது. வெள்ளத்தில் போன ஃபிரிட்ஜுக்குப் பதிலாக வாங்கிய ஃபிரிட்ஜின் கடன் 2031 வரை ஓடும், ஃபிரிட்ஜ் அதுவரை ஓடுமா தெரியாது.

27,400-ம் 21,400-ம் சேர்ந்தால் 48,800. மிச்சம் 29,200-ல் ஐந்து பேர் சாப்பிட்டு, பள்ளிக் கட்டணம் கட்டி, மாமனாருக்கு மாத்திரை வாங்க வேண்டும். இப்போதே மாதக் கடைசி மளிகை கார்டில்தான் போகிறது என்பது கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை, அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். 38,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,330, அதற்கு ஜி.எஸ்.டி. 240, மொத்தம் 1,570. நீங்கள் கட்டும் மினிமம் 1,900. அசலில் குறைவது 330 ரூபாய், அதையும் அடுத்த வாரமே ஒரு சிப்பம் அரிசி வாங்கி மறுபடி ஏற்றிவிடுகிறீர்கள். இன்னொரு பக்கம் ஆர்.டி. ஆறரை சதவீதத்தில் பத்திரமாகத் தூங்குகிறது. நாற்பதுக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டு ஆறரைக்குச் சேமிப்பது என்ன கணக்கு என்று, நாள் முழுக்க அடுத்தவர் லெட்ஜரைச் சரிபார்க்கிற உங்களிடம் நான் கேட்கவேண்டியிருக்கிறது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. விஷயமும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிவிட்டது. அப்புறம் பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அந்த 85,000 ரூபாய் சோபாவை முழுப் பணமும் இன்றே தருகிறேன், என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். இறங்கி வருகிற தொகைதான் வட்டி. கடையில் தள்ளுபடியாகக் காட்டிக் கழித்தாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த வட்டி மேல் வரும் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் விழும்.

சரி, கொட்டேஷனுக்கு வருகிறேன். டி.வி. யூனிட்டும் மரச்சட்ட பேனலும் 95,000. ஃபால்ஸ் சீலிங், அதற்குள் கோடு கோடாக விளக்கு, 1,10,000. இரண்டு வார்ட்ரோப் 2 லட்சம். கிச்சன் 1,60,000. அப்புறம் அந்தச் சோபா. இதில் ஸ்காண்டிநேவியா எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், தலைப்பில்தான் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கும் கோடு விளக்கும் கல்யாண மண்டபத்து ரிசப்ஷனுக்குப் பொருத்தம்.

டென்மார்க், ஸ்வீடன், நார்வே பக்கத்து வீடுகள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் வெளிச்சப் பஞ்சம். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான், அதனால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சுவர் திருப்பித் தரவேண்டும், ஜன்னலில் கனத்த திரை கூடாது, தரையில் கம்பளி வேண்டும், மேசையில் மெழுகுவத்தி வேண்டும். உங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் மூன்று மணிக்கு அந்த ஜன்னலில் திரை இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், ஸ்வீடன் மறந்துபோகும். கம்பளி விரிப்பு வேண்டவே வேண்டாம், மாமனார் தடுக்கி விழுந்தால் 2021 திரும்ப வரும். கோரைப்பாய் போதும். வெள்ளைச் சுவர் சரி, ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசிக்கும் நாலு வயதுக் கைக்கும் பளீர் வெள்ளை ஒரு மாதம் தாங்காது. சற்றே மங்கிய, ஈரத்துணியால் துடைக்கிற பெயின்ட் ஹாலுக்கு மட்டும் அடித்தால் பத்தாயிரம் சொச்சத்தில் முடியும். வெளிர் பீஜ் துணி சோபா பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் தினமும் குழம்புச் சாதம் ஊட்டுகிறவருக்குத் தெரியாததா.

அந்த ஊர்ச் சாமான்களில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதைத்தான் உங்கள் உறவினர் விட்டுவிட்டார். எல்லாம் கால் வைத்து நிற்கும். அலமாரி, சோபா, கட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் துடைப்பம் போகும். தரைத்தளத்தில், ஒரு தடவை கணுக்கால் தண்ணீர் பார்த்த வீட்டில், அதைவிட வேறென்ன வேண்டும்? அவர் கொடுத்திருப்பதோ தரையோடு ஒட்டிய யூனிட், அதுவும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் அமுக்கிய பலகை அது. பெரம்பூரில் என் வீட்டில் அதில் ஒரு செருப்பு அலமாரி இருந்தது. ஒரே மழை, இரண்டு நாள் ஈரம், அடிப்பலகை நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பி, கதவு மூடாமல், கடைசியில் கையால் பிய்த்தால் வந்தது. விற்ற கடையில் கேட்டதற்கு தண்ணீர் பட்டால் வாரன்டி கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடல் காற்று அடிக்கிற திருவொற்றியூரில் 2 லட்சத்துக்கு அதில் வார்ட்ரோப் செய்து, ஐந்து வருடம் தவணையும் கட்டினால், பலகை முதலில் போகுமா தவணை முதலில் முடியுமா என்று பந்தயம் கட்டலாம். கிச்சனுக்கு வெறுமனே 'ப்ளைவுட்' என்று எழுதியிருக்கிறார். என்ன ப்ளைவுட்? சிங்க்குக்கு அடியில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பலகை, மற்ற இடத்தில் குறைந்தது ஐ.எஸ். 303-ல் பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் தரம் என்று எழுத்தில் வாங்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள், அது நாத்தனார் வீட்டுக்காரராக இருந்தாலும், என் தம்பியாகவே இருந்தாலும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கஷ்டம், புரிகிறது. வட்டி, பலகை என்று விளக்கப் போனால் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், விற்கிறவர் அவர். உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய தங்கை வீட்டுக்காரர்தானே. "மச்சான், இந்தக் கடன் முடிகிற வரைக்கும் புதுக் கடன் இல்லை என்று முடிவு பண்ணிட்டோம், முடிஞ்சதும் கிச்சனை உங்ககிட்டதான் கொடுப்போம்." இவ்வளவுதான், அப்புறம் காபி கொடுத்து அனுப்புங்கள். 'நம்ம வீட்டுப் பணம் ஏன் வெளியே போகணும்' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் வங்கியிலிருந்து அவருக்குப் போகிறது, தவணை உங்கள் வீட்டிலிருந்து வங்கிக்குப் போகிறது. நம்ம வீட்டில் எதுவும் தங்கவில்லையே. டாப்-அப் போட்டுத் தரும் அந்த ஆளுக்கும் வங்கி கமிஷன் கொடுக்கும், அவர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

இனி செய்யவேண்டியது. ஆர்.டி.யை இந்த வாரமே மூடுங்கள். முன்கூட்டி மூடுவதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், போகட்டும். 38,000-ஐக் கார்டில் முழுசாகக் கட்டிவிட்டு, கார்டை பீரோவில் வையுங்கள். மீதி 72,000-ஐ எப்போது வேண்டுமானாலும் உடைக்கிற வைப்புத் தொகையில் போடுங்கள். அடுத்த புயலுக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் அதுதான் டாப்-அப், வட்டி இல்லாத டாப்-அப். மாதாமாதம் ஆர்.டி.க்குப் போன 4,000-ம் கார்டுக்குப் போன 1,900-ம் இனி கையில் நிற்கும். 1,900 மளிகைக்கு, மாதக் கடைசி இடிக்காமல் இருக்க. 4,000 வீட்டுக்கு. பத்து மாதத்தில் 40,000. போனஸ் வந்தால் பாதியை அந்த 14 சதவீதக் கடனில் கட்டுங்கள், பகுதி அசல் கட்ட என்ன கட்டணம் என்று முதலில் வங்கியில் கேட்டுக்கொண்டு. வங்கியின் 'ப்ரீ-அப்ரூவ்ட்' மெசேஜ்களை ஆப்பில் அணைத்துவிடலாம், அணையுங்கள். தங்கச் சீட்டு, செயலியில் கிராம் கிராமாகத் தங்கம் என்று யாராவது அந்த 4,000-ஐக் கேட்டு வருவார்கள், வீடு முடிகிற வரை காதில் வாங்காதீர்கள்.

40,000-ல் என்ன வரும் என்றால், ஹால் பெயின்ட் வரும், மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. நாலு வரும், கால் வைத்த ஒரு மர பெஞ்சு வரும், பிள்ளைகளின் சாமானைப் போட மூடியுள்ள இரண்டு பிரம்புக் கூடை வரும், மீதிகூட இருக்கும். அடைசலுக்குக் காரணம் அலமாரி இல்லாதது அல்ல, நீங்கள் அனுப்பிய போட்டோவில் பிரிக்காத மூன்று அட்டைப்பெட்டி நான் எண்ணினேன். ஸ்வீடன்காரர்கள் 'லாகோம்' என்பார்கள், அதிகமும் வேண்டாம் குறைவும் வேண்டாம் என்று அர்த்தம், நம் வீடுகளில் 'அளவா வை' என்று அம்மாக்கள் சொல்வது.

அதே போட்டோவில் மூலையில் மாமனாரின் சாய்வு நாற்காலி தெரிகிறது. பிரம்பு தொய்ந்து, கைப்பிடியில் பாலிஷ் போய், அதன் மேல் துவைத்த துணி குவிந்திருக்கிறது. ஜூம் செய்து பார்த்தேன், தேக்கு மாதிரிதான் தெரிகிறது. டென்மார்க்கில் 1949-ல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலி என்று ஒன்று உண்டு, மரச்சட்டம், இருக்கை காகிதக் கயிற்றில் கையால் பின்னியது, இன்றைக்கும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்து, பிரம்பைப் புதிதாகப் பின்னினால் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டைப்பெட்டிகளை மட்டும் போடுங்கள்.