பழைய கட்டடங்களை ஆராயும் படிப்பு: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள் பொறியியல் வேண்டாம், பழைய கட்டடங்களை ஆராயப் போகிறேன் என்று சொல்வதிலும், அதில் பிழைப்பு உண்டா என்று தாங்கள் கலங்குவதிலும் தவறில்லை. வருமானத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வேலை எப்படிப்பட்டது என்று அறியாமல் கல்லூரியைத் தேடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தாங்கள் வசிக்கும் மதுரையிலுள்ள திருமலை நாயக்கர் அரண்மனையையே பாருங்கள். 1636இல் கட்டியது என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள்; சிதைந்து கிடந்த மிச்சம், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுதுபார்க்கப்பட்டது; பிறகு நீதிமன்றமாகவும் இயங்கியது. ஆகவே, இன்று கண்ணில் படும் சுதை வேலைப்பாடு நாயக்கர் காலத்ததா, பின்னர் பூசியதா என்ற கேள்வி தூணுக்குத் தூண் எழும். 1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்களும், 1858இல் ஆங்கில ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் எடுத்த ஒளிப்படங்களும் பழுதுபார்ப்புக்கு முந்தைய நிலையைக் காட்டுகின்றன. அவற்றை இன்றைய சுவரோடு ஒப்பிட்டு, சுவரை அளந்து வரைந்து, காரையின் அடுக்குகளையும் செங்கல்லின் அளவையும் குறித்து, எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் அக்காலப் பதிவுகளைத் தேடிப் படித்த பிறகே ஒரு முடிவைச் சொல்லலாம். அதுவும் தயக்கத்தோடுதான், ஏனெனில் ஓவியர் அழகுக்காக எதையேனும் கூட்டியிருக்கலாம், திட்டமிட்டதை எழுதிய அதிகாரி நடந்ததை எழுதாமல் விட்டிருக்கலாம், சுவரோ தன் வயதைத் தானாகச் சொல்வதில்லை. ஒரு சான்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கும் பொறுமை தங்கள் மகளுக்கு உண்டா என்பதே நான் முதலில் அறிய விரும்புவது.

வழிகள் இரண்டு. அளப்பதிலும் வரைவதிலும் ஈடுபாடு இருந்தால் பி.ஆர்க். என்னும் ஐந்தாண்டுக் கட்டடக்கலை இளநிலைப் பட்டம் படித்து, பின்னர் டெல்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியிலோ அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலோ மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுநிலை பயிலலாம், பி.ஆர்க். சேர்க்கைக்கு நாட்டா என்னும் கட்டடக்கலைத் திறனறித் தேர்வோ ஜே.இ.இ. நுழைவுத் தேர்வின் இரண்டாம் தாளோ எழுத வேண்டும். கல்வெட்டும் ஆவணமும் ஈர்த்தால் வரலாற்றில் பட்டங்கள் பெற்று, தமிழ்நாடு தொல்லியல் துறையோ இந்தியத் தொல்லியல் துறையோ நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்புக்குச் செல்லலாம். கையில் கணிதமும் இயற்பியலும் இருக்கும்போது முதல் வழியே நல்லது என்பது என் கருத்து: கட்டடக்கலை படித்தவர் பின்னர் கல்வெட்டு வாசிக்கக் கற்கலாம், வரலாறு படித்தவர் பின்னர் கட்டடக் கலைஞராகப் பதிவு பெற இயலாது. சில வாரங்களில் மரபுக் கட்டட வல்லுநராக்குவதாகச் சொல்லும் இணையச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு வடிவமைக்கும் வகுப்புத் தோழர்களைவிடத் தங்கள் மகள் குறைவாகவே சம்பாதிக்கக்கூடும். அரசுப் பணியிடங்கள் சொற்பம், அறிவிப்பும் காலம் தாழ்த்தியே வரும். எனினும் கோயில் திருப்பணிகள், பொதுப்பணித் துறை புதுப்பிக்கும் பழைய அரசுக் கட்டடங்கள், செட்டிநாட்டில் விடுதிகளாக மாறும் வீடுகள் ஆகியவற்றுக்கு இத்திறன் தேவைப்படுகிறது, பி.ஆர்க். பட்டம் இருப்பதால் வழக்கமான கட்டடப் பணிக்கும் திரும்பலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உறவினர் வீடோ சத்திரமோ, உரிமையாளரின் அனுமதியோடு ஒரு பழைய கட்டடத்தின் ஒரே ஓர் அறையை அளவு நாடா கொண்டு அளந்து, தரைப்படமும் ஒரு சுவரின் படமும் கையால் வரையச் சொல்லுங்கள். கண்ணால் கண்டதை ஒரு பக்கத்திலும், பெரியவர்கள் சொன்னதை எதிர்ப்பக்கத்திலும் தனித்தனியே எழுதட்டும். பத்திரமோ பழைய புகைப்படமோ கிடைத்தால் இரண்டோடும் ஒப்பிட்டு, எங்கு முரண்படுகிறது என்று குறிக்கட்டும். அளவுகள் கூட்டிப் பார்க்கையில் பொருந்தாமல் போகும். மறுபடி அளக்கத் தானாகக் கிளம்புகிறாளா, படத்தைத் திருத்திச் சமாளிக்கிறாளா என்று கவனியுங்கள். அந்தத் தாள்களோடு இருவரும் நேரில் வந்தால், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யலாம்.