கோப்பு யாருடைய பீரோவில் இருக்கிறது?

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுடைய பள்ளிக் காகிதங்களுக்காக அலைந்து அலைந்தே மனு எழுதும் பழக்கம் எனக்குக் கைவந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பர்கூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு அறிவுசார் குறைபாடு, அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ‘எல்லாப் பதிவுகளும் வேண்டும்’ என்று கேட்டேன். மதிப்பெண் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள்.

‘எல்லாம்’ என்று கேட்டால் கைக்கு அகப்பட்டதுதான் வரும். காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, எமிஸ் (கல்வித்துறையின் கணினி மாணவர் பதிவு) விவரப் பக்கம் ஆகியவை தலைமையாசிரியரிடம் இருக்கும். சிறப்புப் பயிற்றுநர் எழுதும் தனிநபர் கல்வித் திட்டம், இயன்முறைப் பயிற்சிப் பதிவு, மருத்துவ முகாம் குறிப்பு போன்றவை பெரும்பாலும் வட்டார வள மையத்தில் (ஒன்றிய அளவிலான கல்வித்துறை அலுவலகம்) கிடக்கும். தம்மிடம் இல்லாத காகிதத்தைக் கேட்டு ஒரு தலைமையாசிரியரோடு நான் சண்டை போட்டதில் ஒரு வருடம் வீணானது. இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள்.

எமிஸ் பக்கம் வந்ததும், குறைபாட்டின் வகை என்ற இடத்தை முதலில் பாருங்கள். என் மகனுக்கு அங்கே ‘பார்வைக் குறைபாடு’ என்று இருந்தது. மாமரத்து அணிலை எனக்கு முன்பே கண்டுபிடிக்கிற பையன்! யாரோ வரி மாற்றித் தேர்ந்தெடுத்ததில், இரண்டு ஆண்டுகள் இயன்முறைப் பயிற்சிப் பட்டியலில் அவன் பெயரே வரவில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒரு தந்தை: எப்போது போனாலும் ‘நாளை வாருங்கள்’ என்கிறார்கள்.

வாயால் கேட்டதற்குச் சாட்சி ஏது ஐயா? கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஏன் பயிற்சி தரவில்லை?’ என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ‘ஜூன் முதல் மார்ச் வரை சிறப்புப் பயிற்றுநர் வந்த நாட்களைக் காட்டும் பதிவேட்டின் நகல்’ என்று கேளுங்கள். ‘கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரியும் சேருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று நகலை இணைத்துவிட்டால், ‘மூன்றாம் நபர் விவரம்’ என்று திருப்பி அனுப்புவது கடினம்.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: தனியார் பள்ளி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். மாற்றுச் சான்றிதழும் தரவில்லை.

அரசு உதவி பெறாத பள்ளியிடம் நேரடியாக அந்த மனு செல்லாதுதான். ஆனால் அந்தப் பள்ளி கல்வித்துறைக்கு அனுப்பிய விவரங்களைத் துறையிடம் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் இப்பிள்ளைகளின் முன்னேற்றம் கண்காணிக்கப்பட வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது; கல்வி உரிமைச் சட்டம் 2009, 5ஆம் பிரிவு.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தாய்: மகன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. சலுகைகளுக்கு எப்போது கேட்பது?

பள்ளி திறக்கும் ஜூனிலேயே. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் தலைமையாசிரியர் வழியாகத்தான் தேர்வுத் துறைக்குப் போகும். மருத்துவச் சான்றோடு பழைய வகுப்புப் பதிவுகளும் கையில் இருக்கட்டும்.

தளியிலிருந்து ஒரு தாய்: அறிக்கையில் ‘குழந்தை பேசுவதில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் கன்னடத்தில் பேசுகிறாளே!

‘நீரு பேக்கு’ என்று கேட்டு வாங்கிக் குடிப்பவள் எப்படிப் பேசாதவள் ஆவாள்? அவள் வீட்டில் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ‘இதையும் மகளின் கோப்பில் இணைக்கவும்’ என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடுத்த மதிப்பீட்டின்போது கன்னடம் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முத்திரை வாங்க மறக்காதீர்கள்.