ஆர்டி (வெல்டைக் கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராபி) வேலையும் கதிர்வீச்சும்: கேள்வி பதில்

கே: நான் வெல்டர். பக்கத்தில் ஆர்டி நடந்தால் கதிர்வீச்சு உடம்பில் தங்கிவிடுமா?

ப: தங்காது. இரிடியம்-192 உலோக உறைக்குள் மூடப்பட்ட சோர்ஸ், அதாவது கதிர் விடும் பொருள். கதிர் உடம்பைத் துளைத்துப் போகும், ஒட்டிக்கொள்ளாது. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.

கே: கணவர் ரேடியோகிராபர். வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தூக்கலாமா?

ப: தாராளமாக. மேலே சொன்ன அதே காரணம்தான்.

கே: டிஎல்டி பேட்ஜ் போட்டிருக்கிறேன். அப்புறம் சர்வே மீட்டர் எதற்கு?

ப: டிஎல்டி, உடம்பில் பட்ட கதிரைப் பதிவு செய்யும் பேட்ஜ்தான்; உங்களை எச்சரிக்காது. அங்கே கதிர் இருக்கிறதா என்று அப்போதே காட்டுவது சர்வே மீட்டர். மூன்று மாதம் கழித்து லேபில் படித்துத்தான் எவ்வளவு பட்டது என்று சொல்வார்கள். பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், 1999 பிப்ரவரியில், கேமராவிலிருந்து (சோர்ஸை வைத்திருக்கும் கனமான பெட்டி) கழன்று விழுந்த 37 கியூரி இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் எடுத்து பேன்ட் பின்பையில் போட்டுக்கொண்டார். சுமார் ஆறு மணி நேரம் அது அங்கேயே இருந்தது. தொடை வலித்ததும் டாக்டரிடம் போனார். பூச்சிக்கடி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கழற்றிப் போட்ட பேன்ட் மேல் உட்கார்ந்த மனைவிக்கும் முதுகில் புண். சோர்ஸ் காணோம் என்பது, ஃபிலிமைக் கழுவிப் பார்த்து அதில் படமே விழவில்லை என்ற பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேமரா பக்கத்தில் ஒரு தடவை மீட்டர் பிடித்திருந்தால் போதும்.

கே: நான் பழைய ஆள். கிராங்க் சுற்றை எண்ணியே சோர்ஸ் உள்ளே வந்ததைச் சொல்லிவிடுவேன். மீட்டர் புதுப் பையன்களுக்கு.

ப: அண்ணே, கிராங்க் கைப்பிடி சோர்ஸ் மாட்டிய கேபிளைத்தான் தள்ளி இழுக்கிறது. கேபிளிலிருந்து சோர்ஸ் கழன்றிருந்தாலும் கிராங்க் அதே சுற்றுதான் சுற்றும். நீங்கள் எண்ணுவது கேபிளை.

கே: சோர்ஸ் உள்ளே வந்ததும் கேமராவின் லாக் விழுமே?

ப: விழட்டும். அதற்குப் பிறகும் மீட்டரோடு கேமராவையும் கைடு டியூபையும் (சோர்ஸ் வெளியே போய்வரும் குழாய்) நுனி வரை பாருங்கள். இன்னொன்று: சோர்ஸ் உள்ளே இருக்கும் கேமராவின் மேல் மீட்டர் கொஞ்சமாவது காட்ட வேண்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் ஒன்று மீட்டர் செத்துவிட்டது, இல்லை சோர்ஸ் உள்ளே இல்லை. இரண்டில் எதுவானாலும் வேலையை நிறுத்துங்கள்.

கே: எத்தனை வருஷம் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே?

ப: மீட்டர்!

கே: விழுந்த சோர்ஸை இடுக்கியால் சட்டென்று எடுத்துவிடலாமா?

ப: கூடாது. 1 மீட்டர் தூரத்தில் இருப்பதைப் போல 1 சென்டிமீட்டர் தூரத்தில் கதிர் 10,000 மடங்கு. விலகுங்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள், ஆர்எஸ்ஓவை (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கூப்பிடுங்கள்.

கே: விமான நிலைய ஸ்கேனரில் வேலை. ஆபத்தா?

ப: அது எக்ஸ்ரே. மின்சாரம் போனால் கதிரும் போய்விடும். மற்றதை அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள்.

கே: ஆண்மை போய்விடுமாமே?

ப: மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். இந்தியாவில் தொழிலாளிக்குக் கதிர் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30. தற்காலிகமாக விந்தணு குறையவே ஒரே தடவையில் 150 மில்லிசீவர்ட் அளவுக்குப் பட வேண்டும்.

கே: தோல் சிவந்தால் டாக்டரிடம் என்ன சொல்வது?

ப: ஆர்டி நடக்கும் இடத்தில் வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வாந்தி வந்திருந்தால் எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு போங்கள். ரத்தத்தில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கையை ஒரு தடவையோடு விடாமல், அடுத்தடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.