கேள்வி – பதில்: பாட்டிலில் அடைத்த பிறகு பீருக்கு என்ன நடக்கிறது?

கேள்வி: வீட்டில் முதல்முறையாகப் பீர் தயாரித்து, சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து ஐந்து நாள் ஆகிறது. ஒன்றைத் திறந்தேன், லேசாக ‘உஸ்’ என்றது, ஆனால் குடித்தால் தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கிறது, பச்சை ஆப்பிள் வாசனை வேறு. மற்ற பாட்டில்களில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?

பதில்: வேண்டாம், மூடியில் கையே வைக்காதீர்கள். நீங்கள் போட்ட சர்க்கரையையே ஈஸ்ட் இன்னும் தின்று முடித்திருக்காது. அதற்குள் மேலும் போட்டால் இரண்டும் சேர்ந்து கண்ணாடி தாங்காத அழுத்தம் வந்துவிடும். வாயு பீருக்குள்ளேயே உருவாகிக் கரைகிறது, ஒரு பகுதி பாட்டிலின் கழுத்தில் சேர்கிறது. கழுத்தில் கொஞ்சம் அழுத்தம் சேர்ந்தாலே சத்தம் வரும், நாக்கில் விறுவிறுப்பு வரும் அளவுக்குப் பீரில் இன்னும் வாயு சேரவில்லை. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் விடுங்கள், ஆல்கஹால் அதிகமான பீர் என்றால் இன்னும் கூடுதலாக. பலர் அடைத்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போகும், வாயு எங்கிருந்து வரும்? நுரை வந்த பிறகு ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் வாயு நன்றாகக் கரையும்.

பச்சை ஆப்பிள் வாசனை பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு. நொதித்தலின் நடுவில் ஈஸ்ட் உண்டாக்குவது, பிறகு பெரும்பகுதியை அதுவே சரிசெய்துவிடும். வினிகர் போலப் புளித்தால் கதை வேறு, அது கிருமி வேலை, எத்தனை வாரம் காத்திருந்தாலும் தேறாது.

கேள்வி: அடைக்கும்போது எவ்வளவு சர்க்கரை? பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போதுமா?

பதில்: ஸ்பூனை நம்பாதீர்கள், ஒரு பாட்டில் சப்பென்று இருக்கும், பக்கத்துப் பாட்டில் பொங்கி மேசையை நனைக்கும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு சுமார் 6 கிராம், 19 லிட்டருக்கு 115 கிராம் போல, தராசில் நிறுத்து எடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) என்றால் பத்தில் ஒரு பங்கு கூடுதல். ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் கிருமிநீக்கம் செய்த வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக இறக்குங்கள், குழாயின் நுனி அடியில் மூழ்கியே இருக்கட்டும். சுழன்று இறங்கும்போதே பெரும்பாலும் கலந்துவிடும், ஒருமுறை மெதுவாகக் கிண்டினால் போதும். சலசலவென்று ஊற்றினால் ஆக்ஸிஜன் சேர்ந்து நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும்.

கேள்வி: பாட்டில் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான், பெரும்பாலும் அவசரத்தால். குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து நொதித்தல் முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி, சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், அந்த எண்ணும் உங்கள் செய்முறை சொல்லும் முடிவு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.014-ல் அடைத்து, அது பாட்டிலுக்குள்ளேயே 1.010 வரை இறங்கினால் ஏறத்தாழ லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம், அதாவது நீங்கள் நிறுத்துப் போட்டதைவிடவும் அதிகம்!

பீருக்கென்றே செய்த கனமான பாட்டில்தான் சரி, மெல்லிய கண்ணாடி ஆகாது. ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் சேர்த்து நிரப்பி வையுங்கள். அழுத்திப் பார்க்கும்போது அது கல்லாக இறுகியிருந்தால், மற்றவற்றிலும் வாயு ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று சந்தேகம் வந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பாட்டிலை நன்றாகக் குளிரவைத்து, துணி போர்த்தித் திறக்கவும்.

கேள்வி: பாட்டிலின் அடியில் சேறு மாதிரி படிகிறது, வடிகட்டணுமா?

பதில்: ஈஸ்ட்தான், கெடுதல் இல்லை. பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஒரே மூச்சில் மெதுவாக ஊற்றி, கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுங்கள்.